பைத்தன் தொகுப்புகளுக்கு ஒரு தனிக் களஞ்சியம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், நகரத்திற்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வித்துரா என்னும் ஊர் அமைந்திருக்கிறது. அதனை அடுத்த மருதமலையில்தான் திருவனந்தபுரம் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் இயங்கி வருகிறது. 2008-ஆம் ஆண்டில் நகரத்துப் பொறியியற் கல்லூரியின் வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கப்பெற்ற இக்கழகம், பின்னர் இம்மலைச் சரிவில் நிரந்தர இடம் பெற்றது. ஆராய்ச்சிக்குத் தேவையான பெருங் கணக்குகளைச் செய்வதற்காக இங்கே பல கணிப்பொறிகளை ஒன்றாகப் பிணைத்த ஒரு கணிப்பொறிக் கூட்டம் நிறுவப்பட்டிருக்கிறது. நகரத்துத் தெய்வத்தின் பெயரால் அதற்குப் 'பத்மநாபா' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

நாட்டின் பல ஆராய்ச்சி நிலையங்களில் இத்தகைய கணிப்பொறிக் கூட்டங்கள் உள்ளன. அவற்றில் கணக்கிடும் வேலையைச் செய்யும் பொறிகளை வெளி இணையத்துடன் நேரடியாக இணைக்காமல் விடுவது பொதுவான வழக்கம். வெளியிலிருந்து எவரும் உட்புகாமல் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடே. ஆனால் இன்றைய விஞ்ஞானக் கணக்குகளில் பெரும் பகுதி பைத்தன் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்படுகிறது. பைத்தனுக்கு வேண்டிய துணை நிரல்களோ வெளி இணையத்தில் இருக்கின்றன. மதிலுக்கு உள்ளே உள்ள பொறி மதிலுக்கு வெளியே உள்ள பண்டத்தைப் பெறுவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே தனிக் களஞ்சியம் என்னும் முறை. கணிப்பொறிக் கூட்டங்களுக்கு மட்டுமன்றி, மழைமானிக் கணக்கை எழுதும் களப் பணியாளருக்கும், பள்ளி ஆய்வுக்கூடத்தில் 20 பொறிகளை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இது பயன்படக்கூடியது. தவறாக அமைத்தால் தீங்கு விளைவிக்கவும் கூடியது.

பொதுக் களஞ்சியம்

பைத்தன் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராஸம். 1991-ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது. மொழி சிறியது, அதன் வலிமையெல்லாம் பிறர் எழுதிச் சேர்த்த தொகுப்புகளில் இருக்கிறது. எண்களின் அணிகளைக் கையாளுவதற்கு 'நம்பை', அட்டவணைகளுக்குப் 'பாண்டாஸ்', வரைபடங்களுக்கு 'மேட்பிளாட்லிப்' என்றவாறு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகுப்பு உண்டு. பேக்கேஜ் என வழங்கப்படும் இத்தொகுப்புகளைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் சுருக்கப் பெயர் 'பைபிஐ'. (அதற்குப் 'பாலாடைக்கட்டிக் கடை' என்றும் ஒரு விளையாட்டுப் பெயர் உண்டு. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் கடைக்காரன் ஒருவனைப் பற்றிய ஆங்கில நகைச்சுவை நாடகத்திலிருந்து எடுத்தது. இக்கடையிலோ இல்லாததே இல்லை என்னும் நிலை வந்துவிட்டது.) இன்று 5 இலட்சத்திற்கு மேற்பட்ட பெயர்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

களஞ்சியத்திலிருந்து தொகுப்பைக் கொண்டுவந்து பொறியில் நிறுவும் கருவிக்குப் 'பிப்' என்று பெயர். அது 2008-ஆம் ஆண்டில் தோன்றியது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். அப்பெயருடைய தொகுப்பையும், அத்தொகுப்புக்கு வேண்டிய பிற தொகுப்புகளையும், அவற்றுக்கு வேண்டியவற்றையும் தேடிக் கொணர்ந்து உரிய இடத்தில் வைத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொதுக் களஞ்சியத்தில் எவர் வேண்டுமாயினும் கணக்குத் தொடங்கி, வேறொருவர் எடுத்துக்கொள்ளாத எப்பெயரிலும் ஒரு தொகுப்பை ஏற்றலாம். முன்கூட்டிப் பரிசீலிக்கும் அதிகாரி எவரும் இல்லை. பைத்தன் இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு இத்திறந்த வாயில் ஒரு காரணம். தீய நோக்கமுடையோர் நுழைவதும் அதே வாயிலின் வழியாகத்தான். தீய தொகுப்புகள் பெருவாரியாக வந்து குவிந்தமையால், 2023 மே மாதத்திலும் 2024 மார்ச்சு மாதத்திலும் களஞ்சியத்தின் நிர்வாகிகள் புதிய பதிவுகளைச் சிறிது காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

தனிக் களஞ்சியம் எதற்கு?

ஒரு நிலையத்தார் தமக்கெனத் தொகுப்புகளைச் சேமித்து வைக்கும் சர்வரே தனிக் களஞ்சியம். மலையோர ஊர்களில் மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோவது புதுமையன்று. அப்போதும் வேலை நடக்கவேண்டும். ஒரே தொகுப்பை 20 பொறிகளுக்கு 20 முறை வெளியிலிருந்து இறக்குவது வீண் செலவு. இவற்றைவிட முக்கியமான காரணம், நிலையத்தாரே எழுதிய நிரல்கள். ஒரு கருவியின் அளவீடுகளைத் திருத்தும் நிரல், நோயாளிகளின் விவரங்களைப் படிக்கும் நிரல் போன்றவை உலகிற்கு வெளியிட வேண்டியவை அல்ல. அவற்றையும் பிப் கொண்டே நிறுவ வேண்டுமானால் அவை ஒரு களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும்.

கேரளத்துப் பள்ளிகளில் இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருவது குறிப்பிடத்தக்கது. 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் பெயரில் தொடங்கி, 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்ட அமைப்பு, பள்ளிப் பாடத்திற்கு வேண்டிய நிரல்களையெல்லாம் தேர்ந்து சேர்த்த ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரித்து வழங்குகிறது. ஆசிரியர் ஒவ்வொரு நிரலையும் இணையத்தில் தேடி அலைய வேண்டுவதில்லை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓரிடத்தில் இருக்கிறது.

தனிக் களஞ்சியம் அமைப்பது பெரிய வேலையன்று. ஒரு கோப்புறையில் தொகுப்புக்கு ஓர் உட்கோப்புறை வீதம் வைத்து, அதனை ஒரு சாதாரண வலைச் சர்வர் வழியாகக் காட்டினாலே பிப் அதைக் களஞ்சியமாக ஏற்றுக்கொள்ளும். 'பைபிஐசர்வர்', 'டெவ்பிஐ' போன்ற இலவச நிரல்கள் இவ்வேலையை இன்னும் செம்மையாகச் செய்கின்றன. பொதுக் களஞ்சியம் முழுவதையும் நகலெடுப்பது வீண். அது பல டெராபைட் அளவுடையது. டெவ்பிஐ, கேட்கப்பட்ட தொகுப்பை மட்டும் ஒருமுறை வெளியிலிருந்து கொணர்ந்து தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு அந்தப் பிரதியையே வழங்கும்.

ஒரு சொல்லில் உள்ள அபாயம்

களஞ்சியம் அமைந்த பின்னர், அதன் முகவரியைப் பிப்பிற்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு இரண்டு அமைப்புச் சொற்கள் உள்ளன. 'இண்டெக்ஸ்-யூஆர்எல்' என்பது ஒன்று. 'எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்' என்பது மற்றொன்று. முதலாவது, வழக்கமான பொது முகவரியை நீக்கிவிட்டு அதனிடத்தில் புதிய முகவரியை வைக்கிறது. இரண்டாவது, பொது முகவரியை அப்படியே விட்டுவிட்டுப் புதிய முகவரியையும் கூடச் சேர்க்கிறது. பலரும் இரண்டாவதையே விரும்புவார்கள். எமது நிரல் எமது களஞ்சியத்திலிருந்து வரட்டும், மற்றவை பொதுக் களஞ்சியத்திலிருந்து வரட்டும் என்னும் எண்ணம் இயல்பானதே. பிப் அவ்வாறு நடந்துகொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு மழையளவு நிலையத்தார் 'ரெயின்காஜ்' என்னும் பெயரில் ஒரு தொகுப்பை எழுதித் தம் தனிக் களஞ்சியத்தில் வைத்திருப்பதாகக் கொள்க. (களஞ்சியங்களில் தொகுப்பின் பெயர் உரோம எழுத்துகளிலேயே இருக்க வேண்டும், தமிழில் வைக்க இடமில்லை.) அதன் பதிப்பெண் 1.2. இரு முகவரிகளும் தரப்பட்டுள்ளபோது, பிப் இரண்டிலும் அப்பெயரைத் தேடும். கிடைத்தவற்றையெல்லாம் ஒரே குவியலாக வைத்து, பதிப்பெண் மிக உயர்ந்ததைத் தேர்ந்துகொள்ளும். எது சொந்தக் களஞ்சியம், எது பொதுக் களஞ்சியம் என்னும் வேறுபாடு அதற்கு இல்லை. முன்னர் எழுதிய முகவரிக்கு முதலுரிமை என்பதும் இல்லை. இனி, எங்கோ இருக்கும் ஒருவன் அதே பெயரில் 99.0 என்னும் பதிப்பெண்ணுடன் ஒரு தொகுப்பைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் என்னாகும்? அடுத்த நாள் காலையில் நிலையத்துப் பொறிகளில் நிறுவப்படுவது அவனுடைய நிரலாகும். மூல வடிவில் வரும் தொகுப்பானால், நிறுவும்போதே அதனுள் உள்ள கட்டளைகள் நிறுவுபவரின் அதிகாரத்துடன் ஓடத் தொடங்கிவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதனைச் செயலில் காட்டினார். பெரு நிறுவனங்களின் உட்களஞ்சியங்களில் மட்டும் இருந்த தொகுப்புப் பெயர்கள் வெளியே கசிந்திருந்தன. அவற்றைத் திரட்டி, அதே பெயர்களில் தீங்கற்ற சோதனைத் தொகுப்புகளைப் பைத்தன், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி ஆகிய மொழிகளின் பொதுக் களஞ்சியங்களில் அவர் ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உட்பொறிகளில் அவருடைய நிரல் ஓடியது. குறையைக் கண்டு சொன்னதற்காக அவருக்கு 1,30,000 டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. பெயரும் எண்ணும் மட்டுமே போதுமானவையாக இருந்தன.

அவ்வாண்டு தப்பியது அடுத்த ஆண்டில் தப்பவில்லை. கற்றல் நிரல்களுக்குப் பெயர்பெற்ற 'பைடார்ச்' திட்டத்தார், அன்றாடம் வெளியிடும் சோதனைப் பதிப்புகளைத் தம் சொந்தக் களஞ்சியத்தில் வைத்து, அதனைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கூறி வந்தனர். அப்பதிப்புக்கு 'டார்ச்ட்ரைட்டன்' என்னும் துணைத் தொகுப்பு வேண்டும். அப்பெயரில் ஒருவன் பொதுக் களஞ்சியத்தில் ஒரு போலித் தொகுப்பை ஏற்றிவிட்டான். 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸ் பொறிகளில் அச்சோதனைப் பதிப்பைப் பிப் வழியாக நிறுவியவர்களுக்குப் போலியே போய்ச் சேர்ந்தது. பொறியின் பெயர், பயனர் கோப்புகள், மறைவுச் சாவிகள் ஆகியவற்றை அது வெளியே அனுப்பியது. திட்டத்தார் துணைத் தொகுப்பின் பெயரை மாற்றி, பொதுக் களஞ்சியத்தில் அப்பெயருக்கு ஓர் இடக்காப்புத் தொகுப்பையும் பதிவு செய்தனர்.

ஒரே முகவரி

ஆகவே தனித் தொகுப்புகள் வைத்திருப்போர் பிப்பிற்கு ஒரே ஒரு முகவரியைத் தருவதே முறை. அது தனிக் களஞ்சியத்தின் முகவரியாக இருக்கவேண்டும். பொதுத் தொகுப்புகள் தேவையானால் அவற்றை அக்களஞ்சியமே வெளியிலிருந்து பெற்றுத் தரட்டும். அவ்வாறானால் எதை எங்கிருந்து எடுப்பது என்னும் தீர்ப்பு நூறு பொறிகளில் நூறு விதமாக நிகழாமல், பொறுப்பானவர் பார்வையில் உள்ள ஒரு சர்வரில் நிகழும். டெவ்பிஐ இவ்விஷயத்தில் நன்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெயர் தனிப் பகுதியில் இருந்தால், வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி, அப்பெயரை அது வெளியில் தேடுவதே இல்லை. 2024-இல் வெளிவந்த 'யூவி' என்னும் புதிய நிறுவு கருவியும், ஒரு களஞ்சியத்தில் பெயர் கிடைத்துவிட்டால் அடுத்ததைப் பார்க்காமல் நின்றுவிடுகிறது. பிப்பைப் பயன்படுத்துவோர் அவ்வசதியை எதிர்பார்க்கலாகாது.

அமைப்புக் கோப்பு இரண்டே வரிகள் உடையது. முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'குளோபல்' என்னும் தலைப்பு. அடுத்த வரியில் 'இண்டெக்ஸ்-யூஆர்எல்' என்னும் சொல், சமக்குறி, களஞ்சியத்தின் முழு முகவரி. முகவரி பெரும்பாலும் 'சிம்பிள்' என்னும் சொல்லில் முடியும். லினக்ஸ் பொறியில் எல்லாப் பயனருக்கும் பொதுவாக வேண்டுமானால் 'ஈடிசி' கோப்புறையில் 'பிப்.கான்ஃப்' என்னும் பெயரில் இதனை வைக்கலாம். ஒருவருக்கு மட்டும் எனில் அவருடைய இல்லக் கோப்புறையின் உள்ளே மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' என்னும் பகுதியில் 'பிப்' கோப்புறையில் வைக்கவேண்டும். விண்டோஸ் பொறியில் கோப்பின் பெயர் 'பிப்.இனி', அது 'ஆப்டேட்டா' கோப்புறையில் 'ரோமிங்' பகுதியில் 'பிப்' கோப்புறைக்குள் இடம் பெறும். கோப்பைக் கையால் எழுத விரும்பாதோர் 'பிப் கான்ஃபிக் செட்' என்னும் கட்டளையால் எழுதிக்கொள்ளலாம்.

அமைப்பு பல இடங்களில் இருக்கக்கூடும் என்பதால் எது வெல்லும் என்று அறிந்திருப்பது அவசியம். பொதுக் கோப்பைப் பயனரின் கோப்பு வெல்லும். அதனை மெய்நிகர் சூழலுக்குள் உள்ள கோப்பு வெல்லும். அதனைச் சூழல் மாறிகள் வெல்லும். இவை அனைத்தையும் கட்டளை வரியில் நேராக எழுதியது வெல்லும். எவரோ எப்போதோ எழுதி மறந்துபோன சூழல் மாறி ஒன்று எல்லா ஒழுங்கையும் குலைத்துவிடுவது உண்டு. 'பிப் கான்ஃபிக் டீபக்' என்னும் கட்டளை எல்லா இடங்களையும் வரிசையாகக் காட்டும். தொகுப்புப் பட்டியல் கோப்புகளையும் கவனிக்கவேண்டும். பிறரிடமிருந்து வரும் அத்தகைய கோப்பினுள் கூடுதல் முகவரி ஒன்று ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கலாம். பிப் அதனையும் ஏற்றுக்கொள்ளும்.

களத்தில் இருப்பவர் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வழக்கத்திற்கு மாறான முகவரி அமைந்திருந்தால், பிப் வேலையைத் தொடங்கும்போது தான் தேடும் களஞ்சியங்களின் முகவரிகளைத் திரையில் முதல் வரியாக அச்சிடும். அங்கே ஒரு முகவரிக்கு மேல் காணப்பட்டால், வேலையை அங்கேயே நிறுத்திக் காரணத்தை ஆராய்வது நல்லது. அவ்வரியே வராவிட்டால் பிப் பொதுக் களஞ்சியத்திற்கு மட்டும் செல்கிறது என்று பொருள். தனிக் களஞ்சியத்தின் அமைப்பு அந்தப் பொறியில் பதியவில்லை.

கடவுச்சொல்லும் முத்திரையும்

தனிக் களஞ்சியம் கடவுச்சொல் கேட்குமானால், அதனை முகவரியோடு சேர்த்து அமைப்புக் கோப்பில் எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பொதுக் கோப்பில் எழுதினால் அப்பொறியில் நுழையும் எவரும் அதனைப் படிக்கலாம். உரியவர் மட்டும் படிக்கத்தக்கவாறு காக்கப்பட்ட 'நெட்ஆர்சி' கோப்பிலோ, இயங்குதளத்தின் சாவிக்கொத்திலோ வைப்பது மேல். பிப் இரண்டையும் அறியும்.

நிலையத்தாரே தயாரித்த சான்றிதழைக் கொண்டு இயங்கும் சர்வரானால், பிப் அதனை நம்ப மறுக்கும். அச்சமயத்தில் 'டிரஸ்டட்-ஹோஸ்ட்' என்னும் அமைப்பைச் சேர்த்தால் மறுப்பு மறைந்துவிடுகிறது என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். மறுப்பு மட்டுமா மறைகிறது? எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்னும் சோதனையும் சேர்ந்தே மறைகிறது. 'செர்ட்' என்னும் அமைப்பால் நிலையத்தின் சான்றிதழ்க் கோப்பு இருக்கும் இடத்தைத் தெரிவிப்பதே சரியான வழி.

விதைச் சான்றளிப்பை அறிந்த களப் பணியாளருக்கு நீலச் சீட்டின் பயன் தெரியும். சீட்டு மூட்டையின்மேல் இருக்கிறது. மூட்டைக்குள் இருப்பதை மாற்றிவிட்டுச் சீட்டை மட்டும் வைத்திருப்பவனும் உண்டு. தொகுப்புகளுக்கு இதனினும் உறுதியான ஒரு முத்திரை இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கொண்டு 'எஸ்எச்ஏ-256' என்னும் முறையில் ஓர் எண் கணக்கிடப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். சோதித்து ஏற்றுக்கொண்ட தொகுப்புகளின் எண்களைப் பட்டியலில் எழுதிவைத்து, 'ரிக்வயர்-ஹாஷஸ்' என்னும் கட்டளையைச் சேர்த்தால், எண் பொருந்தாத எதையும் பிப் நிறுவ மறுத்துவிடும். பட்டியலைத் தயாரிப்பதில் சிரமம் உண்டு. ஒரு துணைத் தொகுப்பைக்கூட விட்டுவிட முடியாது. நோயாளி விவரங்களையோ தேர்வு மதிப்பெண்களையோ கையாளும் பொறிகளுக்கு அச்சிரமம் தகும்.

இணைப்பே இல்லாத இடங்கள்

வித்துராவைச் சூழ்ந்த மலைப்பகுதிகளைப் போன்ற இடங்களில் சர்வரை எட்ட முடியாத பொறிகளும் இருக்கும். அவற்றுக்கு ஒரு பென் டிரைவே களஞ்சியமாகிவிடும். இணைப்புள்ள பொறியில் 'பிப் டவுன்லோட்' என்னும் கட்டளையால் தேவையான தொகுப்பையும் அதன் துணைகளையும் ஒரு கோப்புறையில் இறக்கிக்கொள்ள வேண்டும். களத்துப் பொறியில் 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்னும் இரண்டையும் சேர்த்துக் கட்டளையிட்டால், பிப் இணையத்தை நாடாமல் அக்கோப்புறையிலிருந்தே நிறுவும்.

புறப்படுமுன் பார்க்கவேண்டியது ஒன்று. 'வீல்' எனப்படும் தயார்நிலைக் கோப்புகள் பைத்தனின் பதிப்பு, இயங்குதளம், செயலி ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடுபவை. கோப்பின் பெயரிலேயே அவை குறிக்கப்பட்டிருக்கும். அலுவலகத்து மேசைப் பொறியில் இறக்கிய நம்பை, மழைமானியோடு இணைத்த ராஸ்பெரி பை பொறியில் நிறுவப்படாது. களத்துப் பொறியின் பைத்தன் பதிப்பையும் செயலியின் வகையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குரிய கோப்புகளையே கேட்டு இறக்கவேண்டும். இல்லையேல் மலையேறிச் சென்றவர் வெறுங்கையோடு இறங்கி வந்து மீண்டும் ஏற நேரிடும்.